விஷ்போன் கோரை ஆக்ஸி பஸ்ஸில் மாட்டும்போது

திறந்த வன்பொருள் களஞ்சியம் ஒன்றிலிருந்து ஒரு யுஏஆர்டி கோரை, அதாவது எழுத்துகளைக் கம்பியில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பி வாங்கும் சுற்றின் ஆயத்த வடிவமைப்பை, எடுக்கிறோம். பல ஆண்டுகளாகப் பலர் கையில் புழங்கி, பிழைகள் களையப்பட்ட கோர். அது பேசுவது விஷ்போன் பஸ் (பஸ் என்பது சில்லுக்குள் பகுதிகள் தரவு பரிமாறிக்கொள்ளும் கம்பிகளும் அவற்றின் விதிகளும்). நம்மிடம் இருக்கும் எஃப்பிஜிஏவில் (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு) உள்ள ப்ராசஸர் பேசுவதோ ஆக்ஸி என்ற வேறொரு பஸ். சரி, நடுவே இரண்டையும் மொழிபெயர்க்கும் ஒரு பிரிட்ஜ் எழுதிவிடலாம் என்று உட்காருகிறோம். முகவரிக்கு முகவரி, தரவுக்குத் தரவு, எழுதுவதா படிப்பதா என்று சொல்லும் கம்பிக்கு அதற்கேற்ற கம்பி. ஒரு மதியப் பொழுதில் வேலை முடிந்துவிடுகிறது. எழுத்துகளை அனுப்பிப் பார்த்தால் ஒன்று விடாமல் திரும்பி வருகின்றன.

சில வாரங்கள் கழித்து, எப்போதாவது ஒரு எழுத்து காணாமல் போகத் தொடங்குகிறது. துருவிப் பார்த்தால் விசித்திரமான காரணம் கிடைக்கிறது: கோரை இயக்கும் மென்பொருளான டிரைவர், இன்டரப்ட் எனேபிள் என்ற ரெஜிஸ்டரை (கோருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) படிக்கும்போதெல்லாம், வந்து காத்திருந்த ஒரு எழுத்து மறைந்துவிடுகிறது. எழுதும்போதல்ல, வெறுமனே படிக்கும்போது. அதுவும் சம்பந்தமே இல்லாத வேறொரு ரெஜிஸ்டரை.

கோரில் பிழையில்லை, ப்ராசஸரிலும் இல்லை. பிரிட்ஜிலும் ஒரு கம்பிகூட மாறி இணைக்கப்படவில்லை. நம் கோர் பின்பற்றும் 16550 என்ற யுஏஆர்டி வகையில் ரெஜிஸ்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு பைட். அவை அடுத்தடுத்த பைட் முகவரிகளில் உட்கார்ந்திருக்கும். 0-இல் வந்த எழுத்தைத் தரும் ரிசீவ் ரெஜிஸ்டர், 1-இல் இன்டரப்ட் எனேபிள், 2-இல் இன்டரப்ட் அடையாளம், 3-இல் லைன் கன்ட்ரோல். 32 பிட் பஸ்ஸில் இந்த நான்கும் நான்கு பைட் கொண்ட ஒரே 'சொல்'லுக்குள் அடங்கிவிடும். எந்த பைட் வேண்டும் என்று சொல்ல விஷ்போனில் நான்கு செலக்ட் கம்பிகள் உண்டு. எழுதும்போது மட்டுமின்றிப் படிக்கும்போதும் அவற்றுக்குப் பொருள் உண்டு. ஆக்ஸியின் எளிய வடிவமான ஆக்ஸி4-லைட்டில், எந்த பைட் என்று காட்டும் பைட் ஸ்ட்ரோப் கம்பிகள் எழுதுவதற்கு மட்டும்தான். படிப்பதற்கு அப்படி எதுவும் கிடையாது. படித்தால் முழுச் சொல்லையும் படிப்பதாகத்தான் கணக்கு. எனவே பிரிட்ஜ், படிக்கும்போது நான்கு செலக்டையும் உயர்த்திவிடுகிறது. கோரின் காதில் விழுவது "நான்கு பைட்டையும் கொடு" என்ற கட்டளை. ரிசீவ் ரெஜிஸ்டரைப் படித்தால், வந்த எழுத்துகள் முறைப்படி காத்திருக்கும் வரிசையான ஃபிஃபோவிலிருந்து ஒரு எழுத்து வெளியே எடுக்கப்படும் என்பது 16550-இன் விதி. கோர் விதிப்படி நடந்துகொண்டது. டிரைவர் அந்த எழுத்தைக் கேட்கவே இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

ஒரு பஸ் தரத்தின் ஆவணத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சிக்னல் பட்டியல். ஒரு தரத்துக்கு எழுதிய கோரை இன்னொன்றுக்கு மாற்றுபவர்கள் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட ஆரம்பிப்பது இயல்பு. ஆனால் வேலை கெடும் இடம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும் விதிகளில் இருக்கிறது: யார் யாருக்காகக் காத்திருக்கலாம், கொடுத்த கோரிக்கையை யார் திரும்பப் பெறலாம், எது எதற்கு முன் நடந்தாக வேண்டும். ஒரு தரத்தில் இயல்பாகச் சொல்ல முடிகிற ஒன்றுக்கு மற்றதில் சொல்லே இல்லாமல் போகும். பிரிட்ஜின் கடினமான பகுதி முழுக்க அந்த இடைவெளிகளில்தான்.

இரண்டு தரங்கள் வந்த வழி

விஷ்போனை வகுத்தவர் சிலிக்கோர் நிறுவனத்தின் வேட் பீட்டர்சன், 1990களின் இறுதியில். உள்ளே போகும் தரவுக்கும் வெளியே வரும் தரவுக்கும் தனித்தனிப் பாதை வைத்து, அவற்றை மூன்று நிலை (0, 1, துண்டிப்பு) லாஜிக்கில் இணைத்தால் ஆங்கிலத்தின் 'ஒய்' வடிவம் வரும். கோழி, வான்கோழியின் கவட்டெலும்பும் அதே வடிவம். வான்கோழி பரிமாறிய தேங்க்ஸ்கிவிங் விருந்தில்தான் இந்தப் பெயர் தோன்றியது என்று தர ஆவணமே சொல்கிறது. தரநிலை ஆவணங்களில் இந்த அளவு சுவாரசியம் அபூர்வம். பிறகு திறந்த கோர்களைப் பகிரும் ஓப்பன்கோர்ஸ் சமூகம் அதைப் பராமரிக்க எடுத்துக்கொண்டது. பி.3 பதிப்பு 2002-இலும் பி.4 பதிப்பு 2010-இலும் வந்தன. உரிமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத பொதுச் சொத்து என்பதால் ஓப்பன்ரிஸ்க் ப்ராசஸர் முதல் ஈதர்நெட், ஐ2சி, எஸ்பிஐ கோர்கள் வரை திறந்த வடிவமைப்புகள் பலவும் அதையே தம் முகமாக வைத்துக்கொண்டன.

ஆக்ஸி பிறந்தது, ப்ராசஸர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் ஆம்பா என்ற பஸ் தரக் குடும்பத்தில். 1996-இல் ஆம்பா, 1999-இல் அதன் இரண்டாம் பதிப்போடு ஏஎச்பி, 2003-இல் மூன்றாம் பதிப்போடு ஆக்ஸி, 2010-இல் ஆக்ஸி4-உம் அதன் எளிய வடிவமான ஆக்ஸி4-லைட்டும். விவரக்குறிப்பு ஆர்முடையது, பயன்படுத்த ராயல்டி கட்ட வேண்டியதில்லை. 2011-இல் எஃப்பிஜிஏ நிறுவனமான சைலிங்க்ஸ் அறிவித்த ஜிங்க் போன்ற சில்லுகளில் ஆர்ம் ப்ராசஸரும் எஃப்பிஜிஏவும் ஒரே துண்டு சிலிக்கானில் அமர்ந்தன. இரண்டுக்கும் நடுவே இருந்த வாசல் ஆக்ஸி. விஷ்போனில் எழுதிக் குவித்த கோர்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்றானது.

ஒரே வரிசை, ஐந்து வழிகள்

விஷ்போனின் பழைய முறை ரொம்ப எளிது. கோரிக்கை வைக்கும் பக்கமான மாஸ்டர், சைக்கிள் கம்பியையும் ஸ்ட்ரோப் கம்பியையும் உயர்த்தி முகவரியை வைக்கும். பதில் தரும் பக்கமான ஸ்லேவ், தயாரானதும் ஒப்புகைக் கம்பியை உயர்த்தும். அதுவரை மாஸ்டர் எதையும் மாற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. எழுதுவதும் படிப்பதும் ஒரே வரிசையில், கேட்ட முறைப்படியே நடக்கும். கடைக்காரரிடம் ஒரு பொருளைக் கேட்டு, வாங்கிய பிறகு அடுத்ததைக் கேட்பது மாதிரி.

ஆக்ஸியில் ஐந்து தனி வழிகள்: எழுதும் முகவரி, எழுதும் தரவு, எழுதியதற்கான பதில், படிக்கும் முகவரி, படித்த தரவு. ஒவ்வொன்றிலும் அனுப்புபவர் 'வேலிட்' கம்பியை உயர்த்துவார், வாங்குபவர் 'ரெடி' கம்பியை உயர்த்துவார். சுற்று முழுவதையும் ஒரே தாளத்தில் நடத்தும் கிளாக் துடிப்பின் ஒரு விளிம்பில் இரண்டும் ஒன்றாக உயர்ந்திருந்தால் சரக்கு கைமாறியது என்று பொருள். இவ்வளவுதான் அடிப்படை. ஐந்து வழிகளும் ஒன்றையொன்று எதிர்பார்க்காமல் ஓடலாம் என்பதுதான் ஆக்ஸியின் வேகத்துக்குக் காரணம், பிரிட்ஜ் எழுதுபவரின் தலைவலிக்கும் அதுவே.

ஆக்ஸி பக்கத்திலிருந்து எழுதும் கோரிக்கை வருகிறது என்று வையுங்கள். முகவரி முன்னால் வரலாம், தரவு முன்னால் வரலாம், சேர்ந்தும் வரலாம். விஷ்போனுக்கோ இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். முகவரியின் வேலிட்டும் தரவின் வேலிட்டும் உயர்ந்த பிறகே இரண்டு ரெடியையும் உயர்த்துவது என்று பிரிட்ஜ் முடிவு செய்தால் போதும். வாங்குபவர் வேலிட்டுக்காகக் காத்திருக்க ஆக்ஸி அனுமதிக்கிறது.

எதிர்த் திசையில் பிரிட்ஜ் கட்டும்போதுதான் பொறி இருக்கிறது. விஷ்போன் மாஸ்டர், ஆக்ஸி ஸ்லேவ். நிதானமாக ஒவ்வொன்றாகச் செய்வோமே என்று, முதலில் முகவரியை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பிறகு தரவின் வேலிட்டை உயர்த்தும்படி எழுதுகிறோம். படிக்க நியாயமாகவே தெரிகிறது. ஆனால் எதிரே இருக்கும் ஸ்லேவ், மேலே சொன்னபடி இரண்டு வேலிட்டும் வரும்வரை எந்த ரெடியையும் தராத வகையாக இருந்தால்? நாம் அதன் ரெடிக்காக, அது நம் வேலிட்டுக்காக. இலவு காத்த கிளி போல இரண்டும் உட்கார்ந்துவிடும். ப்ராசஸரும் கூடவே உறைந்துவிடும். மாஸ்டர் ஒரு ரெடியைப் பார்த்த பிறகே தன் வேலிட்டை உயர்த்துவேன் என்று காத்திருக்கக் கூடாது என்று ஆக்ஸி விதி தெளிவாகத் தடுத்திருப்பது இதற்காகத்தான். விதியை மீறிய பிரிட்ஜ் பல ஸ்லேவ்களோடு நன்றாக வேலை செய்யும் என்பதுதான் கொடுமை. வேறொரு ஸ்லேவை மாட்டும் நாளில்தான் குட்டு உடையும்.

பதில் திரும்பும் வழியிலும் ஒரு சிக்கல். விஷ்போனில் ஸ்ட்ரோபை உயர்த்திய மாஸ்டர், ஒப்புகை வந்த கணத்தில் அதை வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். "கொஞ்சம் பொறு" என்று சொல்லக் கம்பி இல்லை. ஆக்ஸி மாஸ்டருக்கு அந்த உரிமை உண்டு. பதிலுக்கான ரெடியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். ஆகவே விஷ்போன் ஸ்லேவ் தந்த ஒப்புகையையும் தரவையும் பிரிட்ஜ் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் ஒரு ரெஜிஸ்டர் போதும். பல கோரிக்கைகளை அடுத்தடுத்து அனுப்பும் பிரிட்ஜ் என்றால், அனுப்பிய கோரிக்கை ஒவ்வொன்றின் பதிலுக்கும் முன்கூட்டியே ஃபிஃபோவில் இடம் ஒதுக்கிய பிறகுதான் அனுப்பவே வேண்டும். பதில் வந்தபின் இடம் தேடினால் தரவு தரையில்தான் விழும்.

விஷ்போனுக்குள்ளேயே இரண்டு பேச்சுவழக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பி.4 பதிப்பில் பைப்லைன் முறை சேர்ந்தது: ஸ்ட்ரோப் உயர்ந்து, 'ஸ்டால்' கம்பி தாழ்ந்திருந்தால் அந்தக் கிளாக்கிலேயே கோரிக்கை ஏற்கப்பட்டுவிடும், ஒப்புகை பிறகு வரும், இடையில் அடுத்த கோரிக்கையை வைக்கலாம். பழைய முறை மாஸ்டரைப் புதிய முறை ஸ்லேவோடு அப்படியே இணைத்தால், ஒப்புகைக்காக ஸ்ட்ரோபைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாஸ்டரின் பிடிவாதத்தை ஸ்லேவ் புதுப்புதுக் கோரிக்கைகளாக எண்ணிக்கொள்ளும். ஒரு முறை எழுதச் சொன்னது நான்கு முறை எழுதப்படும். மறுபக்கம், புதிய மாஸ்டரும் பழைய ஸ்லேவும் என்றால், சைக்கிள் உயர்ந்திருக்கையில் ஒப்புகை வரும்வரை ஸ்டாலை உயர்த்தி வைத்தால் போதும். ஒரு வரி லாஜிக். கோரின் முகப்பில் "விஷ்போன்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வழக்கு என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

கொடுத்த வார்த்தையைத் திரும்பப் பெறுதல்

என் கணக்கில் இந்த மொத்த விஷயத்திலும் ஆழமான வேறுபாடு இதுதான். விஷ்போன் மாஸ்டர் சைக்கிள் கம்பியைத் தாழ்த்திவிட்டால் பேச்சு முடிந்தது. பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகலாம். பாக்கி இருந்த பதில்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. எளிய ப்ராசஸர் கோர்கள் சில இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். அடுத்தடுத்த கட்டளைகளை முன்கூட்டியே படித்துக்கொண்டிருக்கும்போது நிரல் வேறிடத்துக்குத் தாவினால், சைக்கிளைத் தாழ்த்திப் பழைய கோரிக்கைகளைக் கைகழுவிவிடும்.

ஆக்ஸியில் அதற்கு வழியே இல்லை. உயர்த்திய வேலிட்டைக் கைமாறும் வரை தாழ்த்தக் கூடாது. ஏற்கப்பட்ட கோரிக்கைக்குப் பதில் வந்தே தீரும், அதை வாங்கியே தீர வேண்டும். பதினாறு சொற்களைப் படிக்கக் கேட்டுவிட்டு இரண்டோடு போதும் என்றாலும், மீதிப் பதினான்கையும் வாங்கிக் கீழே போட வேண்டும். எழுதுவதைப் பாதியில் விட வேண்டுமென்றால், மிச்சச் சொற்களை பைட் ஸ்ட்ரோப் எல்லாம் தாழ்ந்த நிலையில் வெறுமனே அனுப்பி முடிக்க வேண்டும்.

ஆக, விஷ்போன் மாஸ்டர் எழுந்து போன பிறகும் பிரிட்ஜ் உட்கார்ந்து கடனை அடைக்க வேண்டும். அனுப்பியதில் எத்தனை பாக்கி என்று ஒரு எண்ணி வைத்திருந்து, மாஸ்டர் போனபின் வரும் பதில்களை மாஸ்டருக்குக் காட்டாமல் விழுங்க வேண்டும். இதை மறந்த பிரிட்ஜில் நடப்பது: மாஸ்டர் சைக்கிளைத் தாழ்த்தி உடனே மறுபடி உயர்த்தி, புது முகவரியிலிருந்து கேட்கிறது. அந்த நேரம் பார்த்துப் பழைய கோரிக்கையின் பதில் வந்து சேர்கிறது. மாஸ்டர் அதைப் புதிய பதில் என்று எடுத்துக்கொள்கிறது. ப்ராசஸர் தப்பான கட்டளையை இயக்கி எங்கோ போய் விழுகிறது. எளிய தீர்வு, எண்ணி பூஜ்ஜியம் ஆகும்வரை புதுக் கோரிக்கையை ஏற்காமலிருப்பது. சில கிளாக்குகள் வீணாகும், ஆனால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வரிசை மாறாமல் பார்த்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததே. விஷ்போனில் ஒரு கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தால், எழுதியது முதலில் நடந்திருக்கும்; ஒரே வரிசைதானே. ஆக்ஸியில் எழுதும் வழிக்கும் படிக்கும் வழிக்கும் இடையே எந்த உறவும் விதிக்கப்படவில்லை. பின்னால் அனுப்பிய படிக்கும் கோரிக்கை, முன்னால் அனுப்பிய எழுதும் கோரிக்கையை முந்திப் போகலாம். ஸ்டேட்டஸில் பழைய மதிப்பு வரும், டிரைவர் குழம்பும். இதைத் தடுக்க, எழுதுவதிலிருந்து படிப்பதற்கு மாறும் ஒவ்வொரு முறையும் எழுதியவற்றுக்கான பதில்கள் எல்லாம் வந்து சேரும்வரை பிரிட்ஜ் காத்திருக்க வேண்டும். வேகத்துக்காக, ஆக்ஸி பதில் வருவதற்கு முன்பே விஷ்போன் பக்கம் ஒப்புகை கொடுத்துவிடும் ஆசையும் வரும். அப்படிக் கொடுத்துவிட்டால், பிறகு பிழை என்று பதில் வரும்போது அதை யாரிடம் சொல்வது? கேட்டவர் எப்போதோ போய்விட்டார். நினைவகத்துக்கு எழுதும்போது இந்தச் சமரசம் பொறுக்கத்தக்கது. ரெஜிஸ்டர்களுக்குக் கூடாது என்பேன்.

பிழைகளின் மொழிபெயர்ப்பு சற்று எளிது. விஷ்போனின் பிழைக் கம்பி, ஆக்ஸியின் ஸ்லேவ் பிழை என்ற பதிலாகும். எதிர்த் திசையில் ஸ்லேவ் பிழை, முகவரியே இல்லை என்ற டிகோட் பிழை இரண்டும் ஒரே கம்பியில் போய் முடியும். "இப்போது முடியாது, மறுபடி கேள்" என்ற விஷ்போனின் ரீட்ரை கம்பிக்கு ஆக்ஸியில் சொல் இல்லை. பிரிட்ஜே மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும், அல்லது பிழை என்று சொல்லிவிட வேண்டும். அப்புறம், யாருமே இல்லாத முகவரியைக் கேட்டால் விஷ்போனில் ஒப்புகை வராது, அவ்வளவுதான். காலம் முழுக்க வராது. ஆக்ஸி பக்கம் அது ஏற்க முடியாத நிலை. அதனால் பிரிட்ஜில் ஒரு நேரக்காப்பான் வைத்து, இத்தனை கிளாக்குக்குள் பதில் இல்லையென்றால் சைக்கிளைத் தாழ்த்திப் பிழை என்று அறிவிப்பது நல்ல பழக்கம்.

எத்தனை வேண்டும் என்று சொல்லாத வாடிக்கையாளர்

தொகுப்பாகத் தரவை நகர்த்தும் பர்ஸ்ட் முறையில் இரு தரங்களும் நேர் எதிராக நிற்கின்றன. ஆக்ஸி மாஸ்டர் முகவரியோடு சேர்த்தே நீளத்தையும் சொல்லிவிடும். ஆக்ஸி3-இல் அதிகபட்சம் 16 சொற்கள், ஆக்ஸி4-இல் முகவரி ஏறிச்செல்லும் பர்ஸ்டுக்கு 256 வரை. ஒரு பர்ஸ்ட் 4 கிலோபைட் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. விஷ்போன் பி.3-இல் மூன்று பிட் குறி ஒன்று உண்டு: 010 என்றால் அடுத்ததும் தொடர்ந்து வரும், 111 என்றால் இதுதான் கடைசி. மொத்தம் எத்தனை என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இல்லை. "இன்னும் வை, இன்னும் வை, போதும்" என்று இலை முன் உட்கார்ந்து சொல்வது போல.

ஆக்ஸியிலிருந்து விஷ்போனுக்கு வருவது சுலபம். நீளம் தெரியும், எண்ணிக்கொண்டே வந்து கடைசியில் 111 வைத்தால் முடிந்தது. மறுதிசையில், முதல் கோரிக்கையைப் பார்த்தவுடன் பிரிட்ஜ் ஒரு நீளத்தைச் சொல்லியாக வேண்டும், ஆனால் அது யாருக்கும் தெரியாது. எழுதும்போது 111 வரும்வரை தரவைச் சேர்த்து வைத்து, எண்ணிக்கை தெரிந்தபின் அனுப்பலாம். தாமதமும் நினைவகமும் செலவாகும். படிக்கும்போது அதுவும் முடியாது, ஊகம்தான் ஒரே வழி. எல்லையைத் தொட்டதும் தொடக்கத்துக்குத் திரும்பிச் சுற்றிவரும் பர்ஸ்டுகளில் 4, 8, 16 என்ற சுற்றளவை விஷ்போன் சொல்லிவிடுவதால், ப்ராசஸரின் வேக நினைவகமான கேஷின் ஒரு வரியை நிரப்பும் படிப்பு என்று ஊகித்து அந்த நீளத்தையே கேட்கலாம். பெரும்பாலும் சரியாக வரும். கண்டிப்பாகப் பார்த்தால் சுற்றளவு வேறு, நீளம் வேறு. ஊகம் தப்பினால் மிகுதியை விழுங்கும் ஏற்பாடு வேண்டும். ஊகித்து முன்கூட்டிப் படிப்பது நினைவகத்தில் மட்டுமே பாதுகாப்பானது என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிஃபோ உள்ள ரெஜிஸ்டரில் ஊகித்துப் படித்தால் தொடக்கத்தில் பார்த்த காணாமல்போன எழுத்தின் கதைதான்.

சின்னச் சின்ன விஷயங்களும் நேரத்தைத் தின்னும். ஆக்ஸி முகவரி எப்போதும் பைட் கணக்கு. விஷ்போனில் 32 பிட் போர்ட் என்றால் முகவரியின் கடைசி இரண்டு பிட்களே இருக்காது, அந்த வேலையை செலக்ட் கம்பிகள் பார்க்கும். சில கோர்கள் முகவரியைச் சொல் எண்ணாகவே எதிர்பார்க்கும். இரண்டு பிட் நகர்த்த மறந்தால் முதல் ரெஜிஸ்டர் மட்டும் சரியாக வேலை செய்யும், மற்றதெல்லாம் இடம் மாறியிருக்கும். விஷ்போனின் ரீசெட் உயர்ந்தால் செயல்படும், ஆக்ஸியுடையது தாழ்ந்தால். ஓப்பன்ரிஸ்க் பெரிய-முனை வரிசை (உயர் மதிப்புள்ள பைட் முதலில்). அதன் பக்கத்துக்கென்று எழுதிய கோர்களை ஆர்ம் உலகுக்குக் கொண்டுவந்தால் பைட்களின் வரிசையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கே பிரிட்ஜ், எங்கே மறுபடி எழுதுவது

இத்தனையும் படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் எல்லாக் கோருக்கும் எல்லாம் தேவைப்படாது. யுஏஆர்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 115200 பாட் (வினாடிக்கு இத்தனை பிட்) வேகத்தில், ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்தால், ஒரு எழுத்து வந்து சேர ஏறத்தாழ 87 மைக்ரோ வினாடி. 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் அது 8,680 கிளாக். பிரிட்ஜ் ஒரு கோரிக்கைக்கு ஐந்து கிளாக் எடுத்தாலும் பத்து எடுத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை, பர்ஸ்ட் கிடையாது, ஃபிஃபோ கிடையாது என்று மிக எளிய பிரிட்ஜ் போதும். மேலே சொன்ன பொறிகளில் பாதி அதில் எழவே எழாது. டைமர், ஐ2சி, ஜிபிஐஓ எல்லாம் இந்த வகை.

டிராம் நினைவகக் கட்டுப்படுத்தி, ப்ராசஸர் தலையிடாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ, வீடியோ போன்றவற்றில் கதை வேறு. ஒப்புகையை ரெஜிஸ்டர் வழியாகத் தரும் பழைய முறை விஷ்போன், பிரிட்ஜ் இல்லாமலேயே ஒரு பரிமாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு கிளாக் எடுக்கும். பிரிட்ஜையும் சேர்த்தால் ஆக்ஸியின் ஐந்து வழிகளில் நான்கு எப்போதும் சும்மா கிடக்கும். இங்கே பிரிட்ஜை மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண். கோரின் விஷ்போன் முகத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ஃபிஃபோக்களோடு ஆக்ஸியை நேரடியாக இணைக்கும் புது முகத்தை எழுதுவதே குறைந்த வேலை. கோரின் உரிமம், செய்த மாற்றங்களைப் பகிரச் சொல்லும் எல்ஜிபிஎல் போன்றதாக இருந்தால், வெளியே ஒரு பிரிட்ஜ் வைப்பதும் உள்ளே கைவைத்து மாற்றுவதும் ஒன்றாகாது. மாற்றிய கோரை வெளியிடும் கடமை வரலாம். பொறியாளர்கள் இதைக் கடைசி நாளில்தான் படிப்பார்கள்.

எளிதாக இடம் மாறும் கோர்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. பஸ்ஸோடு பேசும் பகுதி ஒரு தனி மாட்யூலில் இருக்கும், உண்மையான வேலை இன்னொன்றில். செர்ன் ஆய்வகத்தின் திறந்த வன்பொருள் திட்டங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றி அட்டையை பிசிஐ எக்ஸ்பிரஸில் அமரும் ஸ்பெக் பலகையிலும் மாட்டலாம், விஎம்இ பெட்டியில் அமரும் ஸ்வெக் பலகையிலும் மாட்டலாம். எஃப்பிஜிஏவுக்குள் அந்த அட்டையின் கோர் பேசுவது இரண்டிலும் விஷ்போன்தான். விளிம்பில் மட்டும் ஒன்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் சில்லுக்கான பிரிட்ஜ், மற்றதில் விஎம்இ பிரிட்ஜ். பிரிட்ஜை ஒருமுறை ஒழுங்காகச் சோதித்துவிட்டால் பின்னால் வரும் எந்தக் கோருக்கும் அது உதவும். கோருக்கு ஒரு பிரிட்ஜ் என்று தனித்தனியாக எழுதும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சோதிப்பது என்றதும் சொல்ல வேண்டியது, சிமுலேஷனில் நாமே எழுதும் மாஸ்டர் ரொம்ப மரியாதைக்காரராக இருப்பார். பதிலுக்கான ரெடியை எப்போதும் உயர்த்தி வைத்திருப்பார், முகவரியையும் தரவையும் சேர்த்தே அனுப்புவார், நடுவில் எழுந்து போகமாட்டார். மேலே சொன்ன கோளாறுகளில் ஒன்றுகூட அவரிடம் வெளிப்படாது. ரெடியைத் தற்போக்காக ஆட்டும் முரட்டு மாஸ்டரும் ஸ்டாலை அப்படி ஆட்டும் முரட்டு ஸ்லேவும் எழுதினால் பாதி வெளியே வரும். மீதிக்கு முறைசார் சரிபார்ப்பு. யோசிஸ் என்ற திறந்த சுற்று வடிவமைப்புக் கருவியோடு சேர்ந்து இயங்கும் சிம்பியோசிஸ் போன்ற திறந்த கருவிகள் இருக்கின்றன. "உயர்த்திய வேலிட் கைமாறும்வரை தாழக் கூடாது", "கேட்டதைவிட அதிகமாகப் பதில் வரக் கூடாது" என்று விதிகளை எழுதிக் கொடுத்தால், அதை மீறும் சிக்னல் வரிசை ஏதாவது உண்டா என்று கருவியே தேடும். பஸ் பிரிட்ஜ் சின்னது, விதிகள் தெளிவானவை என்பதால் இந்த முறைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரிப் பொருந்தும். ஆனால் படிக்கும்போது நான்கு செலக்டையும் உயர்த்தும் பிரிட்ஜை அது தவறென்று சொல்லாது. இரண்டு தரத்தின் விதிகளின்படியும் அதில் குற்றமில்லை.

காணாமல்போகும் எழுத்துக்கு இரண்டு வழிகள். லைட்டை விட்டுவிட்டு முழு ஆக்ஸி4-ஐ எடுத்தால், படிக்கும் முகவரியோடு அளவும் வரும்; ஒரு பைட் என்று தெரிந்தால் பிரிட்ஜ் அந்த ஒரு செலக்டை மட்டும் உயர்த்தலாம். ஆனால் அடையாள எண், பர்ஸ்ட் என்று முழு ஆக்ஸியின் மற்ற சுமைகளும் கூடவே வந்து சேரும். இன்னொரு வழி, ரெஜிஸ்டர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைப்பது. பஸ் முகவரியின் கீழ் இரண்டு பிட்களை விட்டுவிட்டு அடுத்த பிட்களை ரெஜிஸ்டர் எண்ணாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஒரு செலக்டை மட்டும் உயர்த்தும்படி பிரிட்ஜை மாற்றினால், ஒரு சொல்லுக்கு ஒரு ரெஜிஸ்டர் என்றாகிவிடும். முழுச் சொல்லைப் படித்தாலும் பக்கத்து ரெஜிஸ்டருக்குச் சேதமில்லை. லினக்ஸில் இதற்கு டிரைவரைத் தொடவே வேண்டாம். என்னென்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில், 16550-க்கான குறிப்பில் 'ரெக்-ஷிஃப்ட்' என்ற பண்புக்கு 2 என்றும், 'ரெக்-ஐஓ-விட்த்' என்பதற்கு 4 என்றும் கொடுத்தால் டிரைவர் அந்த இடைவெளியோடு படிக்கும். யுஏஆர்டிக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பிரிட்ஜில் மாறுவது சில வரிகள், டிவைஸ் ட்ரீயில் இரண்டு வரி.